நாலு இருபதுக்குக் கேட்ட குரல்

மாலை நாலு இருபதுக்கு என் மகள் ஃபோனில் என்னை "அம்மா" என்று கூப்பிட்டாள்.

இதில் சொல்வதற்கு என்ன இருக்கிறது என்று தோன்றலாம். அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது. பேசத் தொடங்கிய நாளிலிருந்து அவளுக்குத் திக்கும். மற்ற எழுத்துகளை எப்படியாவது தள்ளிக்கொண்டு போய்விடுவாள், "அ", "ஆ" மட்டும் முடியாது. முட்டிக்கொண்டு நின்றுவிடுவாள், கழுத்து நரம்பு புடைக்கும். அதனால் சின்ன வயதிலேயே அவளாக ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்து என்னை "மா" என்றும் என் கணவரை "ப்பா" என்றும் கூப்பிடப் பழகிக்கொண்டாள். முழுதாக "அம்மா" என்று அவள் சொல்லி நான் கேட்டதே இல்லை.

அன்று அலுவலகத்திலிருந்து வழக்கம்போல் அவள் ஃபோனுக்குக் கூப்பிட்டு, டியூஷனுக்குப் போய்விட்டாயா என்று கேட்டேன்.

"அம்மா, வந்துட்டேன். ஆறரைக்கு முடிஞ்சிடும். அப்பாவ வர வேணான்னு சொல்லு, நானே வந்துடறேன்."

பின்னால் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிக்கும் சத்தம் கேட்டது. ஓர் இடறல் இல்லை. குழாயைத் திறந்ததும் தண்ணீர் வருமே, அப்படி வந்தது. ஃபோனை வைத்துவிட்டுக் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். முகம் கழுவிக்கொண்டு வந்து பக்கத்து மேசைக்காரியிடம் சொன்னேன். கணவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். "நெஜமாவா? அம்மான்னா?" என்றார். "அம்மா, ஆறரை, அப்பா. மூணும் வந்துச்சு" என்றேன். பேசும்போதே எண்ணியிருக்கிறேன். எங்கே இருக்கிறாய், யாரோடு இருக்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

பேசியது என் மகள் இல்லை. அவளுடைய தோழி.

தோழியின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அந்தப் பெயரை அன்றைக்கு இரண்டு முறை காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். என் கையால் அவளுக்கு அது போதும்.

அவளுடைய அம்மா எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருபவர். காலையில் தேங்காய்த்திட்டு மீன் துறைமுகத்தில் ஏலத்தில் எடுத்து, ஷேர் ஆட்டோவில் அன்னக்கூடையோடு வந்து முதலியார்பேட்டையில் இறங்குவார். நாங்கள் தவளக்குப்பத்துக்கு அந்தப் பக்கம் நிலம் நீச்சு வைத்திருந்த குடும்பம். இரண்டு பேரும் வேலைக்குப் போகிறோம் என்பதால் ஊரைவிட்டு இங்கே வீடு கட்டி வந்தவர்கள். வீட்டில் எல்லோரும் மீன் சாப்பிடுவோம். மீன்காரம்மா கேட்டுக்கு வெளியே குந்தி மீன் ஆய்ந்து கொடுப்பார். அவருடைய மகள் எங்கள் கூடத்தில் ஃபேனுக்கு அடியில் உட்காருவாள் என்று நான் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

ஆறாம் வகுப்பில் இருவரும் ஒரே பெஞ்ச். முதல் வாரத்திலேயே அவள் என் மகளைப் போலத் திக்கிப் பேசிக் காட்டி வகுப்பையே சிரிக்க வைத்திருக்கிறாள். எனக்குச் செய்தி வந்ததும் அரை நாள் லீவு போட்டுப் பள்ளிக்குப் போனேன். அவளை வெளியே முட்டி போட வைத்தார்கள். போகும்போது பார்த்தேன். ஒல்லியாக, எண்ணெய் படியப் பின்னிய இரட்டைச் சடையோடு, மைதானத்தில் போகிறவர் வருகிறவர் நடையையெல்லாம் உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். வலிக்கிற மாதிரியே தெரியவில்லை.

அன்று இரவு என் மகள் சாப்பிடவில்லை. "நீ ஏ-ஏன் போன?" என்றாள்.

"உன்ன கிண்டல் பண்ணா நான் சும்மா இருக்கணுமா?"

"எ-எல்லாரும் பண்றாங்க மா. த-த-தன்னு பண்ணுவாங்க. தப்பு. அ... அ..." கையை ஆட்டி அந்தச் சொல்லை விட்டுவிட்டு வேறு பக்கமாக வந்தாள். "இவ மட்டுந்தான் சரியா பண்றா. ச-சத்தம் வர்றதுக்கு முன்னாடி ஒண்ணு நிக்குமே, இவளும் நிக்கிறா. எங்க நிக்குதுன்னு இவளுக்குத் தெரியுது."

பேச்சுப் பயிற்சியாளர்கள் மூன்று பேரிடம் அழைத்துப் போயிருக்கிறேன். அவர்கள் யாரையும் பற்றி என் மகள் இப்படிச் சொன்னதில்லை. அடுத்த வாரமே அவளை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டாள்.

வந்தவளுக்கு யாருடைய குரலும் வரும். ஒரு முறை கேட்டால் போதும். எதிர்வீட்டுப் பெரியவர் ஒரு சொல்தா, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர். அவர் பேப்பர்காரப் பையனைப் பாதி பிரெஞ்சிலும் பாதி தமிழிலும் திட்டுவதை இவள் எங்கள் வாசலில் இருந்து திட்ட, உள்ளே இருந்து அவர் மனைவி "ஏங்க, பிரஷர் மாத்திர போட்டீங்களா?" என்று கேட்டார். அவள் ஒரு வித்தையையும் உடனே தொடங்கமாட்டாள். "இரு, தோள் வரட்டும்" என்பாள். தோளைக் கொஞ்சம் ஏற்றி, கொஞ்சம் சாய்த்து, சட்டையை ஆணியில் மாட்டுவதுபோல ஓர் இடத்தில் நிறுத்துவாள். பிறகுதான் வாய் திறக்கும்.

"குரலு வாய்ல இல்ல ஆன்ட்டி, தோள்ல இருக்குது. தோள புடிச்சிட்டா அவங்க தானா வந்துடுவாங்க."

என் கணவர் தன் மேனேஜரிடம் ஃபோனில் பேசுவதை ஒரு நாள் பேசிக் காட்டினாள். "சார்... இல்ல சார்... பண்ணிடலாம் சார்... நான்தான் சார் கவனிக்காம விட்டுட்டேன்." அவரும் சிரித்தார். அதற்குப் பிறகு அவள் வீட்டில் இருக்கும்போது ஃபோன் வந்தால் மொட்டை மாடிக்கு ஏறிப் போய்விடுவார்.

எனக்கும் ஒரு நாள் வந்தது. நான் அடுக்களையில் இருந்தேன். கூடத்தில் என் குரல் கேட்டது.

"இன்னா மீன் இது? செவுளப் பாரு, வெளுத்துக் கெடக்குது. நேத்து மீன என் தலைல கட்டறியா? தள்ளி நின்னு பேசு, நாத்தம் கொடலப் புடுங்குது."

இரண்டு நாள் முன்னால் நான் அவளுடைய அம்மாவிடம் பேசியது. எட்டிப் பார்த்தேன். இல்லாத முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு, முகத்தைப் பாதி திருப்பிக்கொண்டு நின்றாள். என் மகள் தரையில் புரண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு சிரித்து நான் அவளைப் பார்த்ததில்லை. என்னைக் கண்டதும் தோழி பயப்படவில்லை. "சரியா வந்துச்சா ஆன்ட்டி?" என்று கேட்டாள். அவள் முகத்தில் வன்மத்தைத் தேடினேன், கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் மன்னித்திருப்பேன்.

மறுநாள் காலை கேட்டில் அவளுடைய அம்மாவிடம், உன் பெண்ணை இனிமேல் இங்கே அனுப்பாதே என்று சொன்னேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை.

"வாய் சும்மா இருக்காதுங்கம்மா அதுக்கு. தப்பா எதுனா பேசிட்டா நாலு போடுங்க, நான் வந்து கேக்க மாட்டேன். வூட்லயும் இதே ரோதனதான். செத்துப்போன அவங்கப்பன் மாதிரி வாசல்ல நின்னு என் பேரச் சொல்லிக் கூப்புடும். நான் சோறு வடிக்கிறத போட்டுட்டு வெளிய ஓடியாந்துடுவேன்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். வஞ்சிரத்துக்குக் கூடுதலாக ஒரு துண்டு போட்டுவிட்டுப் போனார்.

டியூஷனை நான் மாற்றவில்லை. அங்கே அவள் வருவதில்லை, அது போதும் என்று நினைத்தேன்.

ஃபோனில் "அம்மா" கேட்ட அன்று ஆறரை ஆனது. ஆறே முக்கால் ஆனது. டியூஷன் இரண்டு தெரு தள்ளி, ஒரு வீட்டின் மாடியில். போய்ப் படியேறினேன். மாஸ்டர் நிமிர்ந்து பார்த்து, "பாப்பா இன்னிக்கு வரலியேம்மா. ஒடம்பு சரியில்லையோன்னு நெனச்சேன்" என்றார்.

படியிலேயே நின்று ஃபோன் போட்டேன். மூன்றாவது மணியில் எடுத்தாள். "அம்மா, வந்துக்கிட்டே இருக்கேன். அஞ்சு நிமிஷம்."

ஒரு காதில் ஃபோன். இன்னொரு காதில் அதே குரல் அதே சொற்களை எனக்குக் கீழே இருந்து சொன்னது.

படிக்கட்டுக்கு அடியில் தண்ணீர் மோட்டார் இருக்கும் இடுக்கில் அவள் குந்தியிருந்தாள். பிள்ளைகள் படிக்கும் சத்தம் ஃபோனில் விழ வேண்டும் என்பதற்காக நாலு மணியிலிருந்து அங்கேயே இருந்திருக்கிறாள். தோள்கள் என் மகளுடைய தோள்கள். அதே குறுகல். என்னைப் பார்த்தபடி, ஃபோனைக் காதிலிருந்து எடுக்காமல், "அம்மா, அடிக்காத" என்றாள்.

அடித்தேன். எத்தனை முறை என்று தெரியாது. மாஸ்டர் இறங்கி வந்து கையைப் பிடித்தார்.

"எங்கடி அவ?"

"தவளக்குப்பத்துல சினிமாவுக்குப் பசங்கள எடுக்கறாங்க. அங்க போயிருக்கா. ஆறு மணிக்குள்ள வந்துடறேன்னா. இன்னும் வரல. எனக்கும் பயமா இருக்குது."

முழு உண்மை. இதற்கு மேல் அவளிடம் சொல்வதற்கு எதுவும் இல்லை. ஆனால் அதை அவள் என் மகளுடைய குரலிலேயே சொன்னாள். பயத்தில் அவளால் அதைக் கழற்ற முடியவில்லை என்று இப்போது தெரிகிறது. அப்போது எனக்கு வெறி ஏறியது.

"யாரு, என் பொண்ணு சினிமாவுக்கா? நாலு பேர் முன்னாடி வாயத் தொறக்காதவ சினிமாவுக்குப் போவாளா? யார் கூடடி அனுப்பிவெச்ச?"

கணவரை ஃபோனில் கூப்பிட்டேன். "அந்தப் பொண்ணு இன்னா சொல்லுது?" என்றார். "பொய் சொல்லுது" என்றேன். "எதுக்கும் கடலூர் ரோட்டுல ஒரு ரவுண்டு பாத்துட்டு வரேன்" என்று அவர் வண்டியை எடுத்தார். நான் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்கு நடந்தேன். அவள் இழுத்த இழுப்புக்கு வந்தாள்.

பதினெட்டு வருடம் அலுவலகக் கோப்புகள் எழுதிய கை என்னுடையது. புகாரை ஒரே மூச்சில் எழுதினேன். என் மகளின் கைபேசியை அபகரித்து, என் மகளைப் போல் பேசி என்னை ஏமாற்றி, அடையாளம் தெரியாத நபர்களுடன் அவளை அனுப்பி வைத்து. "திட்டமிட்டு" என்ற சொல்லை இரண்டு இடத்தில் போட்டேன். எழுதும்போதே தெரிந்தது, இது பதின்மூன்று வயதுப் பெண்ணைப் பற்றியது என்று. எழுதினால்தான் அவர்கள் எழுந்திருப்பார்கள் என்றும் தெரிந்தது.

அவளைச் சுவரோரம் தரையில் உட்கார வைத்தார்கள். ஏட்டு பிரெஞ்சுக் காலத்துச் சிவப்புத் தொப்பியை மேசையில் வைத்துவிட்டுக் காகிதத்தைப் படித்தார். வயர்லெஸ்ஸில் என் மகளின் அடையாளத்தைச் சொன்னார். பிறகு அடுத்த செய்தி வரும்வரை செய்வதற்கு ஒன்றும் இல்லை.

"கொரல மாத்திப் பேசுவியாமே? எங்க, எங்க எஸ்.ஐ. மாதிரி பேசு பாப்பம்."

எஸ்.ஐ. உள்ளறையில் யாரிடமோ பேசிவிட்டு வெளியே போய் ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அவள் எழுந்தாள். தோளை அகட்டினாள். "யோவ், ரைட்டர் எங்கய்யா? டீ குடிக்கப் போனா அரை நாளா?" ஏட்டு தன்னையறியாமல் நாற்காலியில் நிமிர்ந்தார். மூன்று போலீஸ்காரர்களும் சிரித்தார்கள். ஒருவர் வாசலில் நின்றவரை, "டேய், இங்க வா, இத வந்து கேளு" என்று கூப்பிட்டார். அவளுக்கு உதடு கிழிந்திருந்தது. நான் அடித்ததில். அதோடுதான் பேசிக் காட்டினாள்.

"மேடம் பொண்ணு மாதிரி கூப்புடு. எப்படி ஏமாத்துனன்னு பாக்கலாம்."

அவள் என்னைப் பார்த்தாள். கூப்பிடட்டுமா என்று கேட்கிற பார்வை. நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

"அம்மா."

"என்னாம்மா" என்றேன். என் வாய்தான். திரும்பியும் விட்டேன்.

சிரிப்பு அடங்க நேரம் ஆனது. ஏட்டு கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மேடம், நீங்களே சாட்சி சொல்லிட்டீங்க, போங்க" என்றார்.

நான் எழுந்து அவளிடம் போய்க் குனிந்தேன். மற்றவர்களுக்குக் கேட்காதபடி மெதுவாகத்தான் சொன்னேன். "உன் கொரல்ல பேசுடி. உனக்குன்னு ஒரு கொரல் இருக்குதா? இல்ல, எல்லாமே எடுத்ததுதானா?"

அவள் முயற்சி செய்தாள். அதை நான் பார்த்தேன். தோளை ஏற்றினாள், இறக்கினாள். ஒரு பக்கம் சாய்த்தாள். எதுவும் வந்து நிற்கவில்லை. உதடு ஒட்டிக்கொண்டது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு அங்கே யார் கேட்டதற்கும் அவள் பதில் சொல்லவில்லை.

இப்போது ஆறு வருடம் ஆகிறது. அவள் மறுபடி பள்ளிக்கு வரவில்லை. கடலூர்ப் பக்கம் அத்தை வீட்டில் சேர்த்துவிட்டதாகச் சொன்னார்கள். எங்கள் தெருவுக்கு வேறு ஒருவர் மீன் கொண்டுவருகிறார். அவள் பேசுகிறாளா என்று யாரிடமும் நான் கேட்கவில்லை.

நடந்ததை என் மகள் துண்டு துண்டாகச் சொன்னாள், சில துண்டுகள் இரண்டு வருடம் கழித்து வந்தன. இரண்டு சிறுமிகளின் நட்பைப் பற்றிய படம். அதில் ஒருத்திக்குத் திக்கும். சின்ன ஊர்க் கதை, உள்ளூர்ப் பிள்ளைகள் வேண்டும் என்று யாரோ வாட்ஸாப்பில் அனுப்பியிருக்கிறார்கள். உலகத்திலேயே தனக்கென்று எழுதிய ஒரு வேலை என்று என் மகளுக்குத் தோன்றியிருக்கிறது. என்னிடம் கேட்டால் சிரிப்பேன் என்று நினைத்திருக்கிறாள். சரியாகத்தான் நினைத்திருக்கிறாள். தோழியையும் கூப்பிட்டிருக்கிறாள். "நான் வந்தா என்னத்தான் எடுப்பாங்க. நீ போ. ஃபோன நான் பாத்துக்கறேன்" என்று அவள் நின்றுவிட்டாள். முட்டி போட்ட நாளிலிருந்து அவள் திக்கிக் காட்டியதே இல்லையாம்.

கேமரா முன்னால் கொடுத்த வசனத்தை என் மகள் ஒரு தடங்கல் இல்லாமல் பேசிவிட்டாள். வேறொருத்தியாக நின்றபோது திக்கவில்லை. "கண்ணு, திக்கி காட்டும்மா" என்று மூன்று முறை கேட்டிருக்கிறார்கள். திக்கவில்லை. நன்றாகப் பேசுகிறாய், இந்த வேடத்துக்குச் சரிவராது என்று அனுப்பிவிட்டார்கள். திரும்பி வர பஸ் ஏறினால் கண்டக்டர் எங்கே போக வேண்டும் என்று கேட்கிறார். முதலியார்பேட்டை வரவில்லை. எப்போதும் வருகிற "மு"கூட அன்று நின்றுவிட்டது. முருங்கப்பாக்கமா என்று கேட்டிருக்கிறார். பஸ்ஸே திரும்பிப் பார்த்திருக்கிறது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டாள். இன்னொரு பஸ், அதிலும் அப்படித்தான். பிறகு நடந்திருக்கிறாள்.

படம் வந்தது. போன வருடம் அவள் ஃபோனில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பின்னால் நின்று கொஞ்சம் பார்த்தேன். இரண்டு பெண்கள் கடற்கரையில் கை கோத்து ஓடினார்கள். ஒருத்தி த-த-த என்று திக்கினாள். "தப்பு" என்று சொல்லிவிட்டு என் மகள் ஃபோனைக் கவிழ்த்து வைத்தாள்.

அன்று காவல் நிலையத்துக்கு என் கணவர் என் மகளை அழைத்து வந்தபோது ஏழே முக்கால் இருக்கும். முருங்கப்பாக்கம் தாண்டி ரோட்டோரம் வந்துகொண்டிருந்தாளாம். ஒரு செருப்பு வார் அறுந்து கையில் இருந்தது. நான் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். அவள் என் தோளுக்கு மேலாகத் தரையில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தாள். என் கையை விலக்கினாள். ஏட்டிடம் போய் நின்றாள்.

"அ..." என்றாள். "அ..."

ஏட்டு கொஞ்ச நேரம் பொறுத்தார். பிறகு தரையில் இருந்தவளிடம், "ஏய், இது இன்னா சொல்ல வருது? நீ சொல்லு" என்றார். அவள் அசையவில்லை. என் மகள் கண்ணை மூடிக்கொண்டு அந்த எழுத்தோடு மல்லுக்கு நின்றாள். கடைசியில், "அ-அவ ஒண்ணும் பண்ணல" என்று வந்தது.

புகாரைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டேன். "சமாதானமாப் போறோம்னு ஒண்ணு எழுதிக் குடுங்க" என்றார் ஏட்டு. இரண்டாவது முறை அவள் பெயரை எழுதினேன். என் மகள் அவளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். வைத்த இடத்தில் அந்தக் கை கிடந்தது. வீட்டுக்குப் போகலாமா என்று என் கணவர் கேட்டார். பெரியவர்கள் யாராவது வந்தால்தான் அந்தப் பெண்ணை அனுப்ப முடியும், ஆள் போயிருக்கிறது என்றார்கள். என் மகள் வரமாட்டேன் என்று தலையாட்டினாள். எல்லோரும் உட்கார்ந்திருந்தோம்.

எட்டே கால் வாக்கில் அவளுடைய அம்மா வந்தார். துறைமுகத்தில் மீன் ஆயும் வேலையிலிருந்து நேராக வந்திருக்கிறார். புடவையைத் தூக்கிச் செருகியிருந்தார், முழங்கை வரை செதில். வாசலில் நின்று எல்லோருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டார். என்னிடம், "இன்னாம்மா பண்ணிடிச்சி?" என்றார். நான் வாய் திறப்பதற்குள் ஏட்டு முந்திக்கொண்டார். "ஒண்ணும் இல்ல, எல்லாம் முடிஞ்சிது, கூட்டிப் போ. ஒரு மணி நேரமா வாயே தொறக்க மாட்டேங்குது, நீ கேட்டுப் பாரு."

அந்தம்மா அவள் முன்னால் குந்தினார். ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு, அவளுடைய முகவாயைப் பிடித்து ட்யூப்லைட் பக்கம் திருப்பினார். உதட்டுக் காயத்தைப் பார்த்தார். அசையாத தோளைப் பார்த்தார். வீட்டில் எத்தனையோ முறை ஏமாந்த களைப்போடு லேசாகச் சிரித்தார்.

"இது யாரு மாதிரிடி?" என்று கேட்டார்.